ஒரே சட்டிக்குள் மூன்று பாம்புகள்

கேள்வி: காரைக்குடிக்கு அருகே உள்ள எங்கள் பூர்வீக வீட்டில் நானும் அப்பத்தாவும் வசிக்கிறோம். இரண்டாம் கட்டில் நான்கடி நீளமுள்ள ஒரு கண்ணாடித் தொட்டியில் இரண்டு கார்ன் பாம்புகளையும் ஒரு பால் பைத்தானையும் பத்து மாதங்களாகச் சேர்த்து வளர்த்து வருகிறேன். மூன்றும் எப்போதும் ஒரு கவிழ்த்த மண்சட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு கிடக்கின்றன, படம் இணைத்துள்ளேன். மூன்றுக்கும் ஒரே நேரத்தில் தொட்டிக்குள்ளேயே எலி கொடுக்கிறேன். கார்ன் பாம்புகளில் ஆண் எது, பெண் எது என்று தெரியவில்லை. பைத்தான் ஏழு வாரங்களாக இரை எடுக்கவில்லை. சென்ற மாதம் இரண்டு முறை காலையில் பாதி செரித்த எலி தொட்டிக்குள் கிடந்தது. எந்தப் பாம்பு கக்கியது என்று தெரியவில்லை. "ஒண்ணுமண்ணாக் கிடக்குதுக, அதுகளைப் பிரிச்சு வைக்காதே" என்கிறார் அப்பத்தா. தொட்டியின் நடுவில் தடுப்பு வைத்தால் போதுமா? வெளிநாடு செல்லும் நண்பர் தன் போவா பாம்பை எனக்குத் தர விரும்புகிறார். அதையும் இதே தொட்டியில் விடலாமா? தோட்டத்துக் கிணற்றடிக்கு வரும் சாரைப் பாம்பையும் பிடித்துச் சேர்த்து வளர்க்கலாம் என்கிறார் ஓர் உறவினர். தங்கள் ஆலோசனை தேவை.

அன்புள்ள வாசகருக்கு,

மூன்று பாம்புகளையும் இன்றைக்கே பிரித்து வையுங்கள். தடுப்பு போதாது. போவாவை இப்போதைக்கு வாங்க வேண்டாம். சாரையைப் பிடிக்கவே கூடாது. இவற்றுக்கான காரணங்களையும், பிரிக்கும் முறையையும், கக்கிய பாம்பை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையும் விரிவாக எழுதுகிறேன்; உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது அந்தக் கடைசி விஷயம்தான்.

நீங்கள் அனுப்பிய படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். விளிம்பு உடைந்த மண்சட்டி ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது; அதன் கீழே வெப்பத் தகடு இருக்கிறது; உடைந்த வாய் வழியே கார்ன் பாம்பின் செம்மஞ்சள் உடலும், அதன் அடியில் பைத்தானின் கரும்பழுப்பு மடிப்பும் தெரிகின்றன. தொட்டியின் மறுபக்கம் தண்ணீர்க் கிண்ணத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. இந்தத் தொட்டிக்குள் சூடும் இருட்டும் சேர்ந்து கிடைக்கும் இடம் அந்தச் சட்டி ஒன்றுதான். உடல் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாத உயிரினத்துக்குச் சூடான இடம் என்பது செரிமானத்துக்கும் நோயெதிர்ப்புக்கும் அடிப்படையான தேவை. இருட்டான, உடலை நெருக்கிப் பிடிக்கும் பதுங்கிடம் என்பது உயிருக்குப் பாதுகாப்பு. இரண்டும் ஒரே இடத்தில் மட்டும் கிடைக்கும்போது மூன்று பாம்புகளும் அங்கே வந்து சேருகின்றன. வலுவான பாம்பு மற்றதன்மேல் ஏறிப் படுத்து அதன் பங்கு வெப்பத்தையும் மறைவையும் எடுத்துக்கொள்கிறது. பாம்பு சத்தம் போடுவதில்லை, தள்ளிவிடுவதில்லை, கடித்துத் துரத்துவதும் பெரும்பாலும் இல்லை. அதனால் அந்தப் போட்டி நம் கண்ணுக்கு நட்பாகத் தெரிகிறது.

அப்பத்தா அவர்கள் சொல்வதில் உள்ள கனிவை நான் மதிக்கிறேன். கூட்டமாக வாழும் பாம்புகளே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். கனடாவின் மனிடோபா மாகாணத்தில் நார்சிஸ் என்ற இடத்தில் கார்ட்டர் பாம்புகள் உறைபனிக் காலத்தைக் கழிக்கச் சுண்ணாம்புப் பாறைப் பொந்துகளில் ஆயிரக்கணக்கில் கூடுகின்றன. ஆனால் அவை குளிருக்குத் தப்பவும் இணை சேரவும் கூடுகின்றன. கோடை வந்ததும் விரும்பிய திசையில் கலைந்து போய்விடுகின்றன. உங்கள் தொட்டியில் இருப்பவற்றுக்குக் கலைந்து போக வழியில்லை. இரண்டு இனங்களின் பிறப்பிடங்களும் வேறு வேறு. கார்ன் பாம்பு அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது. பால் பைத்தான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் பகலெல்லாம் பதுங்கிக் கிடப்பது. (பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்வதால், ஆங்கிலத்தில் பந்து என்று பொருள்படும் அந்தப் பெயர் அதற்கு வந்தது. பெயரில் 'பால்' இருக்கிறது என்று கிண்ணத்தில் பால் வைக்கும் வீடுகளை நான் பார்த்திருப்பதால் இதைச் சொல்கிறேன். பாம்புக்குத் தேவை தண்ணீர் மட்டுமே.) பைத்தானுக்குச் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸும், காற்றில் 60 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதமும் வேண்டும். கார்ன் பாம்புக்கு 28, 29 டிகிரியும் அதைவிடக் குறைந்த ஈரமும் போதும். பைத்தானுக்காக ஈரத்தைக் கூட்டினால் கார்ன் பாம்பின் வயிற்றுச் செதில்கள் புண்ணாகக்கூடும். கார்ன் பாம்புக்காகக் குறைத்தால் பைத்தான் சட்டையை முழுதாக உரிக்க முடியாமல் துண்டு துண்டாக உரிக்கும், கண்மேல் உள்ள படலம் கழலாமல் ஒட்டிக்கொள்ளும்.

இனி, அந்தப் பாதி செரித்த எலியைப் பற்றிப் பேசுவோம். பாம்பு இரையைக் கக்குவதற்குச் சாதாரணக் காரணங்களும் உண்டு: இரை அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்திருக்கலாம், உண்ட இரண்டு நாளுக்குள் அதைக் கையில் எடுத்திருக்கலாம், வெப்பம் குறைந்திருக்கலாம், மற்றொரு பாம்பு மேலே ஏறி ஓயாமல் தொந்தரவு செய்திருக்கலாம். ஆனால் ஒரே மாதத்தில் இரண்டு முறை கக்கியிருப்பதால், கிரிப்டோஸ்போரிடியம் என்ற நுண்ணுயிரியின் தொற்றாக இருக்குமோ என்ற ஐயம் எந்தக் கால்நடை மருத்துவருக்கும் எழும். இது பாம்பின் இரைப்பைச் சுவரில் குடியேறி அதைத் தடிக்கச் செய்கிறது. நாளடைவில் உடலின் நடுப்பகுதியில் வீக்கம் தெரியும், பாம்பு தின்றதைக் கக்கிக் கக்கி மெலியும். கழிவின் வழியாகத் தண்ணீர்க் கிண்ணத்துக்கும், கிண்ணத்திலிருந்து அடுத்த பாம்புக்கும் பரவும். இதை உறுதியாகக் குணப்படுத்தும் மருந்து இதுவரை இல்லை. பிளீச்சிங் கரைசலுக்கும் இது எளிதில் சாகாது. எல்லா நாளும் கழிவில் வெளிப்படாது என்பதால் ஒருமுறை பரிசோதித்து 'இல்லை' என்று முடிவு வந்தாலும் நிம்மதி அடைய முடியாது. இடைவெளி விட்டு மீண்டும் பரிசோதிக்க வேண்டும்.

உங்கள் பாம்புகளுக்கு இந்த நோய்தான் என்று நான் சொல்லவில்லை. மூன்றில் எதைப் பரிசோதிப்பது என்றே நம்மால் சொல்ல முடியவில்லை என்பதுதான் இங்கே உள்ள பெரிய சிக்கல். யார் கக்கியது, யாருடைய கழிவு தண்ணீராகப் போனது, யார் கிண்ணத்திலேயே கிடக்கிறார், யாருடைய சட்டை கிழிந்து வந்தது என்ற ஒவ்வொரு தடயமும் ஒரே தொட்டியில் கலந்துவிடுகிறது. நோயாளி தன் வலியைச் சொல்லத் தெரியாதவராக இருக்கும்போது மருத்துவருக்குத் தடயங்களே நோயாளியின் வாய்மொழி. நான் இத்தனை ஆண்டுகளில் பார்த்த மாடும் ஆடும் நாயும் ஏதோ ஒரு வகையில் முகம் காட்டிவிடும், பாம்பு காட்டாது. அதற்கு நோய் வந்திருப்பதை, அது உண்பதையும் கழிப்பதையும் அதன் எடையையும் வைத்தே கணிக்கிறோம். சேர்த்து வைக்கும் பாம்புகள் ஒன்றையொன்று கடிப்பதில்லை என்றே வைத்துக்கொண்டாலும், இந்த ஒரு காரணத்துக்காகவே அவற்றைப் பிரிக்கச் சொல்வேன்.

ஆனால் கடிப்பதும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் தேவகோட்டைப் பக்கமிருந்து ஓர் இளைஞர் இரவில் ஒரு பிளாஸ்டிக் வாளியை ஏந்திக்கொண்டு வந்தார். வாளிக்குள் இரண்டு கார்ன் பாம்புகள், ஒன்றரை வருடம் ஒரே தொட்டியில் 'சண்டையில்லாமல்' இருந்தவை. இரண்டும் ஒரே எலியின் இரு முனைகளையும் பற்றியிருக்கின்றன. பெரியது விழுங்கிக்கொண்டே போய், எலி முடிந்த இடத்தில் சின்னதன் தலை இருக்க, அதையும் சேர்த்து விழுங்கத் தொடங்கிவிட்டது. நான் பார்த்தபோது சின்னதன் கழுத்துக்குக் கீழே நான்கு விரல்கடை அளவு உள்ளே போயிருந்தது. பாம்பின் பற்கள் உள்நோக்கி வளைந்தவை. ஆகவே பிடித்து இழுத்தால் இரண்டின் வாயும் கிழியும். பெரியதன் வாயோரத்தில் சில துளி வினிகர் விட்டுக் காத்திருந்தோம். அது மெதுவாகத் தாடையைத் தளர்த்தி விட்டுவிட்டது. வெளியே வந்த சின்னதன் தலைச் செதில்கள் எச்சிலில் பளபளத்தன, ஆனால் அதற்கு மூச்சில்லை. அந்த இளைஞர் கவனக்குறைவானவர் அல்லர். இடுக்கியால் தனித்தனி எலிதான் கொடுத்திருக்கிறார். ஒன்று தன் எலியை முடித்த பிறகும் வாசனை விடாமல் அடுத்ததைத் தேடிப் போயிருக்கிறது. இரை வாசனை பரவிய தொட்டிக்குள் அசையும் எதுவும் இரைதான். மூன்றுக்கும் ஒரே நேரத்தில் தொட்டிக்குள்ளேயே இரை கொடுப்பதாக நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்கு அந்த வாளி நினைவுக்கு வந்தது. (யாராவது கிங் ஸ்னேக் என்ற இனத்தைச் சேர்க்கச் சொன்னால் அடியோடு மறுத்துவிடுங்கள். இயற்கையிலேயே மற்றப் பாம்புகளை உண்டு வாழ்வது அது.)

பைத்தான் ஏழு வாரம் உண்ணாமல் இருப்பது தன்னளவில் பீதி அடையத்தக்கது அல்ல. வளர்ந்த பால் பைத்தான்கள் பல வாரங்கள், சில சமயம் மாதங்கள்கூட, இரையை மறுப்பது வழக்கம். எடை குறையாதவரை பொறுத்திருக்கலாம். ஆனால் மற்ற இரண்டும் எலி வாசனைக்குப் பரபரத்து ஓடும் இடத்தில் இந்தக் கூச்ச சுபாவமுள்ள பாம்பு எப்படித் துணிந்து உண்ணும்? தனித் தொட்டிக்கு மாற்றி, ஒரு வாரம் தொடாமல் விட்டு, இரவில் இரை கொடுத்துப் பாருங்கள். பிரித்து வைத்த சில வாரங்களில் தானாக உண்ணத் தொடங்கிய பைத்தான்களை நான் கண்டிருக்கிறேன். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, வாயில் கோழை நூல்நூலாகத் தெரிந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ தாமதிக்காமல் கொண்டு வாருங்கள். 2014-ஆம் ஆண்டில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட நிடோவைரஸ் வகை ஒன்று பைத்தான்களுக்குக் கடுமையான சுவாச நோயை உண்டாக்குகிறது. அதன் தொடக்கம் இப்படித்தான் இருக்கும்.

போவா விஷயத்தில் இன்னும் உறுதியாகச் சொல்கிறேன். போவாக்களிலும் பைத்தான்களிலும் காணப்படும் 'உட்பொருள் நோய்' என்று ஒன்று உண்டு. ரெப்டாரினா வைரஸ்கள் இதற்குக் காரணமானவை என்பது 2012 முதல் தெரியவந்தது. போவா இந்த வைரஸைப் பல காலம் வெளியே காட்டாமல் சுமந்துகொண்டிருக்கக்கூடும். பார்ப்பதற்குக் கொழுகொழுவென்று ஆரோக்கியமாக இருக்கும். அதே வைரஸ் பைத்தானுக்குத் தொற்றினால் தலை ஆட்டம், நிமிர்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருத்தல், மல்லாந்தால் திரும்ப முடியாமை என்று நரம்பு மண்டலம் விரைவாகச் சிதையும். இதற்கும் மருந்தில்லை. நண்பர் நல்லவர், பாம்பும் நன்றாக இருக்கிறது என்பதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் புதிதாக வரும் எந்தப் பாம்பையும் குறைந்தது தொண்ணூறு நாள் வேறு அறையில், வேறு இடுக்கி, வேறு கிண்ணம், வேறு துணியுடன் வைத்துப் பார்த்த பிறகே மற்றவை இருக்கும் அறைக்குள்ளாவது கொண்டுவரலாம். அப்போதும் தனித் தொட்டியில்தான். உங்கள் வீட்டில் ஏற்கெனவே காரணம் தெரியாத கக்கல் இருக்கும்போது, அந்தப் போவாவுக்கும் அது நல்லதல்ல.

நடுத்தடுப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் தொட்டியில் வெப்பத் தகடு ஒரு மூலையில் இருக்கிறது. நடுவில் தடுப்பு வைத்தால் ஒரு பாதி சூடாகவும் மறு பாதி குளிராகவும் ஆகி, இரண்டு பாதியிலும் உள்ள பாம்புகள் சூடும் குளிர்ச்சியும் மாறி மாறித் தேடும் வசதியை இழக்கும். பாம்பு உண்ணிகளுக்கு அந்தத் தடுப்பு ஒரு பொருட்டே அல்ல. இந்த உண்ணி கறுப்பு நிறத்தில் மிளகுப் பொடித் துகள் அளவே இருக்கும்; கண் விளிம்பிலும் தாடையின் அடி மடிப்பிலும் செதிலுக்குள் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும், நோய்க் கிருமிகளையும் பாம்பிலிருந்து பாம்புக்குக் கடத்தும். இன்றே பிரிக்கும்போது ஒவ்வொரு பாம்பையும் நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியின் வழியே மெதுவாக நகரவிட்டுத் துணியைப் பாருங்கள். தண்ணீர்க் கிண்ணத்தின் அடியிலும் செத்த உண்ணிகள் படிந்திருக்கும். கண்டால் எனக்கு எழுதுங்கள், மருந்தின் அளவை எடை பார்த்துச் சொல்கிறேன். நாய்க்கு வாங்கிய மருந்தையோ வேப்பெண்ணெயையோ நீங்களாகத் தடவ வேண்டாம்.

பிரிப்பதற்குப் புதிய கண்ணாடித் தொட்டிகள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. காரைக்குடியில் எந்தப் பாத்திரக் கடையிலும் கிடைக்கும், மூடியில் பூட்டுள்ள ஐம்பது லிட்டர் பிளாஸ்டிக் பெட்டிகள் மூன்று வாங்கி, பக்கவாட்டில் சூடான கம்பியால் காற்றுத் துளைகள் இட்டு, அடியில் அச்சு மை அதிகமில்லாத தாளை விரியுங்கள். தாள் விரித்தால் கழிவும் கக்கலும் உடனே கண்ணில் படும். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என்று பெட்டிக்கு இரண்டு பதுங்கிடங்கள் வேண்டும். உடல் இருபுறமும் உரசும் அளவுக்குச் சிறியதாக இருப்பது நல்லது. வெப்பத் தகட்டைப் பெட்டிக்கு வெளியே அடியில் மூன்றில் ஒரு பகுதிக்கு மட்டும் வைத்து, சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஒருபோதும் இயக்காதீர்கள். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை நம் கால்களுக்குச் சுகமானது, ஆனால் மார்கழி இரவில் பெட்டியின் சூட்டை உறிஞ்சிவிடும். கீழே ஒரு பலகை போடுங்கள். சித்திரை, வைகாசியிலோ நம் பகுதியில் சிக்கல் தலைகீழாகும்: மேல்மாடியிலும் முகப்பிலும் பிற்பகலில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும், மூடிய பெட்டிக்குள் அந்தச் சூடு உயிரைக் குடிக்கும். சுவர் கனமான இரண்டாம் கட்டு அறையை நீங்கள் தேர்ந்தெடுத்தது மிகச் சரி. வளவு முற்றத்து வெயில் நேராக விழாத மூலையாகப் பார்த்து வையுங்கள். பிறகு நிலையான தொட்டி வாங்கும்போது, வளர்ந்த பாம்பு ஒன்றுக்கு நான்கடி நீளம், இரண்டடி அகலம் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். கார்ன் பாம்பு பதினைந்து இருபது ஆண்டுகளும் பைத்தான் அதற்கு மேலும் வாழக்கூடியவை. இந்தச் செலவு ஒருமுறைதான்.

பழைய தொட்டியைச் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, வாடை போகும்வரை அலசி வெயிலில் காயவிடுங்கள். கிரிப்டோஸ்போரிடியம் உறுதியானால் இது போதாது, அப்போது வேறு முறை சொல்கிறேன். மண்சட்டி நுண்துளைகள் உள்ளது. அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஃபினாயிலை அந்த அறையிலேயே பயன்படுத்தாதீர்கள், ஊர்வனவற்றுக்கு அது நஞ்சு. பழைய வீட்டு அலமாரிகளில் வழக்கமாகப் போடும் அந்துருண்டையும், வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிப் புகையும் அந்த அறைக்குள் வேண்டாம். அப்பத்தாவின் வயதை மனத்தில் கொண்டு ஒன்று சொல்கிறேன்: பாம்பின் கழிவில் சால்மோனெல்லா இருப்பது இயல்பு. ஆகவே கிண்ணங்களைச் சமையற்கட்டிலும் பாத்திரம் துலக்கும் இடத்திலும் கழுவாதீர்கள். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே அவருக்குத் தண்ணீர்கூட எடுத்துக் கொடுங்கள்.

கார்ன் பாம்புகளில் ஆண் எது, பெண் எது என்று உங்களுக்குத் தெரியவில்லை என்பதால், இரண்டையும் நேரில் பார்த்துச் சொல்கிறேன். இளம் பெண் பாம்பு பருவம் முற்றாமல் கருவுற்றால் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகலாம்.

சாரையைப் பொறுத்தவரை, 1972-ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பாம்புகளைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். கிணற்றடிக்கு வருவது எலிகளைத் தேடித்தான். அதை அதன் பாட்டில் விட்டுவிடுங்கள். வீட்டுக்குள் வந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். காட்டிலிருந்து வரும் பாம்பின் ஒட்டுண்ணிகள் உங்கள் பாம்புகளுக்கும், உங்கள் பாம்புகளின் அயல்நாட்டு நோய்கள் நம் மண்ணின் பாம்புகளுக்கும் போய்ச் சேரக்கூடாது. பால் பைத்தானும் போவாவும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு (சைட்டிஸ்) பட்டியலில் இருப்பவை என்பதால், 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி அவற்றை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையத்தளத்தில் பதிவு செய்ய வேண்டும். உங்கள் பைத்தானுக்கு அது ஆகியிருக்கிறதா என்று உடனே பாருங்கள்.

இனி கக்கியவரைக் கண்டுபிடிப்போம். பிரித்த நாளிலிருந்து மூன்றுக்கும் தண்ணீர் மட்டும் வைத்துப் பதினான்கு நாள் இரை கொடுக்காமல் விடுங்கள். இரண்டு முறை கக்கிய வயிற்றுக்கு ஓய்வு தேவை, மற்றவற்றுக்கு அதனால் தீங்கில்லை. பதினைந்தாம் நாள் ஒவ்வொன்றுக்கும் வழக்கத்தில் பாதி அளவுள்ள இரை கொடுத்து, 48 மணி நேரம் கையில் எடுக்காதீர்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நோட்டுப் பக்கம் ஒதுக்கி, சமையலறைத் தராசு போன்ற டிஜிட்டல் தராசில் வாரம் ஒருமுறை எடை பார்த்து, உண்ட நாள், கழித்த நாள், சட்டை உரித்த நாள் எல்லாவற்றையும் எழுதுங்கள். யாராவது மீண்டும் கக்கினால், கக்கியதைச் சுத்தமான மூடியுள்ள டப்பாவில் போட்டுக் குளிர்ச்சியாக வைத்து, கழிவு கிடைத்தால் அதையும் தனி டப்பாவில் எடுத்து, அந்தப் பாம்பை மட்டும் வெள்ளைப் பருத்தித் தலையணை உறைக்குள் விட்டு வாயைக் கட்டி, நோட்டுடன் காலை எட்டு மணிக்கு முன்பே புறப்பட்டு வாருங்கள். அதற்குப் பிறகு பேருந்துக்குள் சூடு ஏறிவிடும்.